ஏமாற்றும் கதையும் நம்பிச் சொல்லும் கதையும்

இந்த வருடம் ஆறு நாவல்கள் படித்து முடித்தேன். மூன்று பெரியவர்களுக்கான திரில்லர், மூன்று இளையோர் நாவல். எல்லாம் ஆங்கிலம். திரில்லர்கள் இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் நான் வாங்கியவை. மற்ற மூன்றும் என் அண்ணன் மகளுடையவை. அவள் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில் இருக்கிறாள். “உங்க புக்கெல்லாம் படிச்சா யாரையும் நம்பத் தோணாது அத்தே. இதைப் படிங்க” என்று கொண்டுவந்து வைத்தாள்.

அவள் சொன்ன அந்த வார்த்தை ஆறு புத்தகமும் முடியும்வரை என் கூடவே வந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில், குலை லாரிகளை நிறுக்கும் இடத்தில் எனக்கு வேலை. ஒரு லாரி போய் அடுத்தது வரும்வரை படிப்பேன். அதனால் பாதியில் வைத்துவிட்டு வந்தாலும் பிடி விடாத புத்தகமா என்பது எனக்கு முக்கியம். இன்னொன்று மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் மலாயில் ஐந்து வருடம் என்று படித்து வந்தவளுக்கு ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வரும். இந்த இரண்டிலும் இளையோர் நாவல்கள் எளிதாக ஜெயித்துவிட்டன, அதில் பேச்சே இல்லை. ஆனால் எளிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லிவிட முடியாதே.

முதலில் கில்லியன் ஃப்ளின் எழுதிய ‘கான் கேர்ள்’. 2012-இல் வந்தது. ஐந்தாவது திருமண நாளன்று ஏமி காணாமல் போகிறாள். கணவன் நிக் இன்றைய கதையைச் சொல்கிறான். ஏமியின் டைரி பழைய கதையைச் சொல்கிறது. மாறி மாறிப் போகும் இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. அப்பா வாங்கிச் சேர்த்த ராஜேஷ்குமார் நாவல்கள் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. ஓர் அத்தியாயம் ஓரிடத்தில், அடுத்தது வேறெங்கோ. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வைத்துக் கடைசியில் முடிச்சுப் போடுவார். ஆனால் அங்கே குற்றவாளி போலீஸை ஏமாற்றுகிறான். அவர் கதைகளில் துப்பறியும் விவேக் கண்டுபிடிக்கும்வரை நாமும் விவேக் பக்கம்தான் நிற்கிறோம். ஃப்ளின் கதையில் ஏமாறுவது நாம்.

புத்தகத்தின் நடுவில் ஒரு திருப்பம் வருகிறது. அதைப் படித்தபோது வெளியே மூன்று லாரி வரிசையில் நின்று ஹாரன் அடித்தது எனக்குக் காதில் விழவில்லை. ஒரு புத்தகம் என்னை அப்படிப் பிடித்து வைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. எழுத்தில் அவ்வளவு கூர்மை. ஆனால் அந்த உச்சத்துக்குப் பிறகு இருநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்துப் படித்து, முடிவில் யாருக்கு என்ன ஆனால் என்ன என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அவன் மேலும் பாசமில்லை, அவள் மேலும் இல்லை.

பாலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘தி கேர்ள் ஆன் தி டிரெயின்’ (2015) அப்படி இல்லை. ரேச்சலுக்கு வேலை போய்விட்டது. கூடத் தங்கியிருப்பவளுக்கு அது தெரியக்கூடாது என்று தினமும் காலையில் அதே லண்டன் ரயிலில் ஏறிப் போய் மாலையில் திரும்புகிறாள். ரயில் சிக்னலில் நிற்கும்போது தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் தெரியும் ஜோடிக்குத் தானே பெயர் வைத்து, அவர்கள் வாழ்க்கையைக் கற்பனை செய்துகொள்கிறாள். பிறகு அந்தப் பெண் காணாமல் போகிறாள். அந்த இரவு ரேச்சலும் அங்கே இருந்தாள். ஆனால் குடித்திருந்ததால் எதுவும் நினைவில்லை.

இதை நான் திரில்லராகவே படிக்கவில்லை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் நான். குடித்துவிட்டு என்ன செய்தோம் என்பதை மறுநாள் பிறர் வாயால் கேட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ரேச்சலும் நம்மிடம் தப்பான கதையைத்தான் சொல்கிறாள். ஆனால் அவளுக்கே உண்மை தெரியாது. அதனால் கோபம் வரவில்லை. கூடவே உட்கார்ந்து தேடத் தோன்றுகிறது. குறை என்றால், மூன்று பெண்கள் மாறி மாறிப் பேசுவதும் தேதிகள் முன்னும் பின்னும் போவதும்தான். துண்டு துண்டாகப் படிக்கிற எனக்கு ஒவ்வொரு முறையும் தலைப்பில் உள்ள தேதியைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அலெக்ஸ் மைக்கேலிடிஸின் ‘தி சைலண்ட் பேஷண்ட்’ (2019) மூன்றிலும் வேகமானது, இரண்டே நாளில் முடித்தேன். கணவனைச் சுட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசாத ஓவியர் அலிசியா. அவளைப் பேச வைக்க வரும் மனநல சிகிச்சையாளர் தியோ. கடைசித் திருப்பம் பிரமாதம். ஆனால் அது தெரிந்த பிறகு திரும்பப் போய்ப் படித்தால் புத்தகத்தில் அந்த வித்தையைத் தவிர வேறு அதிகம் இல்லை. பேசாமல் இருக்கும் ஒரு பெண்ணின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அது போதிய அளவு கிடைக்கவில்லை.

இப்போது அண்ணன் மகளின் மூன்று.

கேரன் மெக்மானஸின் ‘ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்’ (2017) பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் தண்டனையாக உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவன் செத்துப் போகிறான். மீதி நான்கு பேரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். படிப்பாளி, அழகி, விளையாட்டு வீரன், போக்கிரி என்று ஆரம்பத்தில் அச்சில் வார்த்தது போல வருகிறார்கள். அழகியாக வரும் ஆடி மட்டும் காதலன் கிழித்த கோட்டைத் தாண்டித் தன் காலில் நிற்கப் பழகும் இடங்கள் நன்றாக இருந்தன. குற்றவாளி யார் என்பதை முக்கால்வாசியில் ஊகித்துவிட்டேன்.

ஹோலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ (2019) வேறு தரம். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஐந்து வருடத்துக்கு முன் ஆண்டி பெல் என்ற மாணவி காணாமல் போனாள். அவளைக் கொன்றது காதலன் சால் சிங்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவனும் உயிரோடு இல்லை. பிப் என்ற பெண் பள்ளிப் புராஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு அந்த வழக்கைத் திரும்பத் தோண்டுகிறாள். பேட்டிகள், குறிப்புகள், சந்தேக நபர் பட்டியல் என்று கதை போகிறது. பிப் எதையும் நம்மிடம் மறைப்பதில்லை. அவளுக்குத் தெரிந்த அன்றே நமக்கும் தெரிகிறது, அவள் தப்பாக நினைத்தால் நாமும் தப்பாக நினைக்கிறோம்.

பதினேழு வயதுப் பெண் கேட்டதும் ஆளுக்கு ஆள் உண்மையைக் கொட்டிவிடுவது கொஞ்சம் சுலபமாக நடக்கிறது. சரி, பரவாயில்லை. என்னைத் தொட்டது சாலின் தம்பி ரவி. கொலைகாரன் வீடு என்று பெயர் வாங்கிய குடும்பம், அதே ஊரில், அதே தெருவில் இருக்கிறது. சின்ன ஊரில் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்த பெயர் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடமானாலும் “அந்த மூணாம் லயத்துக்காரங்களா?” என்று இழுத்துக் கேட்பார்கள்.

ஹன்னா அல்காஃப் எழுதிய ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’ (2019) நம் நாட்டுக் கதை. 1969 மே 13. பதினாறு வயது மலாய்ப் பெண் மெலாத்தி தோழியோடு கோலாலம்பூர் ரெக்ஸ் தியேட்டரில் இருக்கும்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடிக்கிறது. அவளை ஒரு சீனப் பெண்மணி காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். நர்ஸான அம்மாவைத் தேடி அவள் அலைவதுதான் கதை. அவளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கும் மனநோய் உண்டு. எண்ணாவிட்டால் அம்மா செத்துவிடுவாள் என்று உள்ளே ஒரு ஜின், பேய் மாதிரி ஒன்று, மிரட்டுகிறது. வெளியே ஊர் எரிகிறது, உள்ளே அது விடாமல் பேசுகிறது. அந்த எண்ணிக்கையைப் படிக்கப் படிக்க என் விரலும் மேசையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. இதில் என்னவெல்லாம் வரும், மனம் தாங்காது என்றால் வைத்துவிடுங்கள் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். வாசகரிடம் அப்படி ஒரு மரியாதையை நான் எந்தத் திரில்லரிலும் பார்த்ததில்லை.

அரசாங்கக் கணக்கில் அந்தக் கலவரத்தில் செத்தவர்கள் 196 பேர். எங்கள் பள்ளிப் பாடத்தில் அது சில வரிகள். என் அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. கோலாலம்பூர் தூரம்தான் என்றாலும், தாத்தா ரேடியோவை அணைத்துவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று சொன்னதை மட்டும் சொல்வார். அதற்கு மேல் பேசமாட்டார். அண்ணன் மகள் இப்போது இரவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படிக்கிறாள். இரண்டாம் நாள் அம்மா கேட்டார்: “அந்தப் புள்ள அவ அம்மாவப் பார்த்துச்சா இல்லையா? அத மட்டும் முன்னாடியே சொல்லிடு.” அவள் சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

ஆறில் எனக்கு முதலாவது இதுதான். இரண்டாவது ‘தி கேர்ள் ஆன் தி டிரெயின்’, மூன்றாவது பிப். ‘கான் கேர்ள்’ நான்காவது. எழுத்துத் திறமையை மட்டும் பார்த்தால் அதை முதலில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கேள்வி வேறு. கதை சொல்பவர் என்னைக் கூட்டாளியாக வைத்துக்கொள்கிறாரா, இல்லை என்னையும் இரையாக்குகிறாரா?

தமிழில் இப்படிப் பதினாறு வயதுக்கென்று தேடினால் கைக்கு அகப்படுவது குறைவு. அவள் தமிழ்ப்பள்ளியில் இருந்தபோது கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ வாங்கிக் கொடுத்தேன், ஆசையாகப் படித்தாள். அதற்கு அடுத்த படியில் என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். இத்தனைக்கும் எங்கள் ஊரில் கதைக்குப் பஞ்சமா? 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலமே வந்தது. அன்று அந்த லயத்தில் இருந்த ஒரு பதினாறு வயதுப் பெண் என்ன பார்த்தாள் என்று தமிழில் யாராவது எழுதினால், வரிசையில் நின்று வாங்குவேன்.

அண்ணன் மகள் பதிலுக்கு என் ‘கான் கேர்ளை’க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு ரேச்சலைக் கொடுத்து அனுப்பினேன்.