கண் ஆஞ்சியோ: டை போட்டதும் போடாததும்

வேலந்தாவளத்து மச்சானுக்கும் கண்ணில் ரத்தக்குழாய் அடைப்பாம். கண்ணின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவை, டை என்கிற சாய மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பதா, ஊசியில்லாமல் வெளிச்சத்தாலேயே ஸ்கேன் பண்ணும் ஓசிடி ஆஞ்சியோவா, எது தேவலை என்று போனில் கேட்டார். எனக்கு இடது கண்ணில் கிளைச் சிரை, அதாவது ரத்தம் திரும்பிப் போகும் குழாயின் ஒரு கிளை, அடைத்து வருஷக்கணக்காகிறது, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி ஏறி இரண்டையும் பார்த்தாயிற்று.

சுகம் என்றால் ஊசியில்லாததுதான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து, எங்கே மாற்றம் தெரிகிறதோ அங்கே ரத்தம் ஓடுகிறது என்று மெஷினே கணக்குப் போடுகிறது. என் படத்தில் நடுவுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் நுண்குழாய்களே இல்லாமல் கறுப்பாகக் கிடந்தது. சிரை மேல் தமனி ஏறி அமுக்கிய இடத்தை டாக்டர் தொட்டுக் காட்டி, பிரஷர் பண்ணுகிற வேலை என்றார். அசந்துபோனேன்.

ஆனால் மெஷினுக்குள்ளே ஒரு பச்சைச் சிலுவை தெரியுமே, அதுதான் எரிச்சல். அதையே பாருங்கள், அசையாதீர்கள் என்பார்கள். எனக்கு வீங்கியிருப்பதே நடுப்பார்வை, பார்க்கச் சொல்லும் இடத்தில்தான் புகை மூட்டம். சிலுவையைத் தேடினால் கண் அலையும், அலைந்தால் படம் முழுக்கக் கோடு, "அண்ணா, ஆடாதீங்க" என்று மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் புது ஆள், அதே பாட்டு. கடைசியில் ஒரு மலையாளத்துப் பெண் வெளியே இருக்கும் சின்ன விளக்கைத் திருப்பி வைத்து, நல்ல கண்ணால் அதைப் பார்க்கச் சொன்னாள். படம் சுத்தமாக விழுந்தது. இதை முதலிலேயே சொல்ல என்ன கேடு?

டை விஷயம் வேறு. 1961இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை. கை நரம்பில் ஏற்றும் மஞ்சள் மருந்து பத்துப் பதினைந்து விநாடியில் கண்ணுக்கு வந்து, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். எனக்கு வாந்தி. தோல் மஞ்சள், சிறுநீர் மறுநாள் வரை ஆரஞ்சு, வீட்டில் காமாலை என்று கீழாநெல்லி பறிக்கவே கிளம்பிவிட்டார்கள். சிடி ஸ்கேன் டை மாதிரி இதில் அயோடின் கிடையாது, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனாலும் ஒவ்வாமை எது இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அபூர்வமாக விஷயம் பெரிதாகிவிடும்.

இவ்வளவு திட்டிவிட்டு மச்சானிடம் என்ன சொன்னேன் தெரியுமா, முதல் தடவை டையே போட்டுக்கங்க, டாக்டர் வேண்டாம் என்றால் ஒழிய. ஊசியில்லாதது ரத்தம் ஓடாத இடத்தைக் காட்டும், எங்கே கசிகிறது, எங்கே தாமதமாகப் போகிறது என்பதைக் காட்டாது. பெரும்பாலும் நடுவில் சில மில்லிமீட்டர்தான் எடுப்பார்கள், ஓரத்தில் வேண்டாத புதுக் குழாய் முளைத்திருந்தால் தப்பிவிடும். அப்புறம் தொடர்ந்து பார்க்க ஓசிடி போதும் என்றுதான் என் டாக்டரும் வைத்திருக்கிறார்.

துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்குப் பஸ் போர்டு தெரியாது, அதிலும் பாதி மலையாளத்தில் இருக்கும்.