தொப்பை குறைய எந்த டிஸ்க் ஆட்டம்?

ட்ரெட்மில்லில் கால் மணி நேரம் ஓடுவதற்குள் கடிகாரத்தை இருபது தடவை பார்த்துவிடுவேன். எறிந்து பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டான ஃப்ரிஸ்பீ டிஸ்க்கோடு கடற்கரைக்குப் போனாலோ, வெயில் சுள்ளென்று அடித்த பிறகுதான் மணி எட்டாகிவிட்டது தெரியும். ஜிம்முக்குக் கட்டிய பணத்தை நிறுத்தியது அதனால்தான். ஆனால் "ஃப்ரிஸ்பீ ஆடுகிறேன்" என்று நாம் சொல்வதில் மூன்று தனித்தனி ஆட்டங்கள் இருக்கின்றன. மூன்றும் உடம்பை வேலை வாங்கும் விதம் ஒன்றல்ல.

முதலாவது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று எறிந்து பிடிப்பது. ஒரு டிஸ்க் போதும், ஆள் சேர்க்கும் தொல்லை இல்லை. ஆனால் உடற்பயிற்சியாகப் பார்த்தால் ரொம்ப சுமார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 என்று வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் தருவார்கள். மெட் என்று பெயர். சாதாரணமாக ஃப்ரிஸ்பீ எறிவதற்கு அந்தக் கணக்கில் 3. வேக நடைக்கே 4க்கு மேல். ஆக, நின்ற இடத்திலேயே எறிந்துகொண்டிருப்பதற்கு விறுவிறுவென்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதிரில் இருப்பவருக்கு எறியத் தெரியாதவரை மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. என் மச்சான் முதல் மாதம் எறிந்ததில் பாதி அலைக்குப் போனது, மீதி சுண்டல் கடைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் ஓடியது நான்தான். அவன் ஒழுங்காக எறியக் கற்றுக்கொண்டதும் எனக்கு எடை குறைவது நின்றுவிட்டது.

டிஸ்க் கால்ஃப் வேறு ரகம். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் எத்தனை குறைந்த எறிகளில் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். அமெரிக்காவில் 1970களில் எட் ஹெட்ரிக் உருவாக்கிய கூடை அது. 18 கூடைகளையும் சுற்றினால் நல்ல நடை ஆகிவிடும், தனியாகவும் ஆடலாம், முட்டி வலிக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் நெஞ்சு படபடக்கும் அளவுக்கு மூச்சு வாங்காது. கூடை இல்லாவிட்டால் தென்னை மரத்தையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம்: இதற்கான டிஸ்க் சிறியது, கெட்டியானது, விளிம்பு கூர்மையானது. நடைப்பயிற்சிக்கு ஆள் வரும் பூங்காவில் எறிந்து யார் மண்டையையும் பதம் பார்த்துவிடக் கூடாது.

மூன்றாவதான அல்டிமேட்தான் நிஜமான பெண்டு நிமிர்த்தல். டிஸ்க்கைத் தங்களுக்குள் எறிந்து கைமாற்றி, மைதானத்தின் எதிர்க்கோடிப் பகுதிக்குள் பிடித்துப் புள்ளி எடுக்கும் அணி ஆட்டம். மெட் கணக்கில் 8. பக்கத்துக்கு 7 பேர், 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் உள்ள மைதானம். டிஸ்க்கைப் பிடித்தவர் ஓடக் கூடாது, 10 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். கீழே விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். அதனால் மற்ற எல்லோரும் ஓடி, சடாரென்று நின்று, திரும்பி மறுபடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவர் கிடையாது, ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லித் தீர்த்துக்கொள்கிறார்கள். நம்ம ஊர் மனசுக்கு இது சரிப்படுமா என்று நினைத்தேன், சரிப்படுகிறது. சென்னையில் எலியட்ஸ் பீச் மணலிலேயே ஆடுகிறார்கள், ஆணும் பெண்ணும் கலந்து. கடற்கரை ஆட்டத்தில் பக்கத்துக்கு 5 பேர்தான், களமும் சிறியது. மணலில் விழுந்தால் அடி குறைவு, ஆனால் கெண்டைக்கால் இரண்டு நாளைக்குக் கெஞ்சும்.

எடை குறைய வேண்டுமென்றால் என் ஓட்டு அல்டிமேட்டுக்கு. ஆனால் நேராக அதில் குதிக்காதீர்கள். நாற்பது தாண்டிய நான் உடம்பைச் சூடேற்றாமல் இறங்கி, இரண்டாவது வாரமே பின்தொடை இழுத்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். முதல் ஆறு வாரம், முதலில் சொன்ன எறிந்து பிடிக்கும் ஆட்டத்தையே ஓட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். எறிந்ததும் ஓடத் தொடங்க வேண்டும், எதிராளி உங்கள் கைக்கு எறியாமல் உங்களுக்கு முன்னால் எறிய வேண்டும். இருபது நிமிடம் போதும், நாக்கு வெளியே வந்துவிடும். அப்புறம், பொம்மைக் கடை டிஸ்க் வேண்டாம். லேசாக இருப்பதால் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். அல்டிமேட்டுக்கான 175 கிராம் டிஸ்க்கே வாங்குங்கள். காலையில் போனால் காற்று அவ்வளவாக இருக்காது. பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால், எதிர்க்காற்றில் டிஸ்க் ஜிவ்வென்று மேலே ஏறும், பின்காற்றில் பொத்தென்று விழும். எறிந்து பழக மோசமான நேரம். ஓடிப்போய்ப் பொறுக்கி வருவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.