மூன்றாம் படித்துறை மதுக்கடை: கப்பலிலிருந்து இறங்கியதும் அங்கே போகாதீர்கள்

கிழக்குத் துறைமுகத்தில் மூன்றாம் படித்துறைக்குப் பின்னால், கீல் (தார்) காய்ச்சும் கொட்டகையை ஒட்டி ஒரு மதுக்கடை இருக்கிறது. வாசலில் ஒரு பூதம் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தக் கடையிலேயே நாணயமான ஆள் அதுதான். உள்ளே இருக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் குவளை. தோல் குவளையில்தான் ஊற்றித் தருகிறார்கள். ஒழுகாமல் இருக்க உள்பக்கம் கீல் பூசுவது வழக்கம்தான். இங்கே அடியில் நான்கு விரல் கனத்துக்குக் கீலை ஊற்றி இறுக விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய குவளை, விரலை விட்டால் பாதியிலேயே தட்டும். மேலே நுரை வேறு. கேட்காமலேயே ஒரு தட்டுக் கருவாடும் வரும். "காசு வேண்டாம் அண்ணே, சும்மா சாப்பிடுங்க" என்பார்கள். அந்த உப்புக்கு நாக்கு வறண்டு அடுத்த குவளையை நீங்களே கேட்பீர்கள். சரி, இதெல்லாம் சில்லறைத் திருட்டு. துறைமுகத்தில் குடிக்கப் போனால் இந்த நஷ்டம் எங்கேயும் உண்டு.

கணக்கு எழுதுகிற இடத்தில்தான் வில்லங்கம். கொடுக்கிற காசை அப்போதே வாங்க மாட்டார்கள். "போகும்போது மொத்தமாப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சுண்ணாம்புக் கோடு போட ஒரு குறளியை, அதாவது குட்டிப் பேயை, ஏவி விடுகிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை, அது கோடு போடுகிற வேகம் இருக்கிறதே! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெயருக்கு நேராக நான்காவது கோடு ஏறியது. என் முன்னால் இருந்ததோ இரண்டாவது குவளை. கேட்டால், "குறளி பொய் எழுதாது" என்று கடைக்காரர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்கிறார்.

ஏறிய கடனை அடைக்க வழியும் அவர்களே காட்டுவார்கள்: பகடை. நல்ல பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு சமயத்தில் மூன்று முகத்துக்கு மேல் தெரியாது. அதனால் 2, 4, 6 மட்டுமே இரண்டிரண்டு முறை பொறித்த பகடையை உருட்டினாலும் எதிரில் இருப்பவனுக்குப் புரியாது. என்னோடு வந்த பையன் தோற்றுக்கொண்டே இருந்தான். சந்தேகப்பட்டு ஒன்றை எடுத்துத் திருப்பினேன். மேலே 4, அடியிலும் 4. உடனே விளக்கு அணைந்துவிட்டது. காற்றாம்! ஜன்னலே இல்லாத அறையில்.

அப்புறம் வந்தது ஓலை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தண்டல் (கப்பலாட்களின் தலைவர்) எழுந்து வந்து, "ஒரு கைநாட்டு வைங்க தம்பி, மொத்தக் கணக்கும் தீர்ந்துடும்" என்று பையனிடம் நீட்டினார். பார்வைக்கு ஒரே ஓலைதான். ஓரத்தை நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொன்று ஒட்டியிருக்கிறது. பாம்புக்கடல் போகிற கப்பலில் இரண்டு வருடம் வேலை செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. மேலே வைக்கிற மை கீழேயும் ஊறும். அந்தக் கடலுக்கு மனமறிந்து யாரும் கப்பல் ஏறுவதில்லை. ஆகவே ஆளைப் பிடித்துக் கொடுத்தால், அவன் சம்பளத்தின் முன்பணம் கடைக்கு வந்து சேர்கிறது. அந்தக் கடையின் தொழிலே இதுதான். சாராயமும் சூதும் தூண்டில்.

சுவரில் இருந்த அத்தனை கோட்டுக்கும் வெள்ளிக்காசை எண்ணி வைத்துவிட்டுப் பையனை வெளியே இழுத்து வந்தேன். "இந்த வாசல் வழியா உள்ளே போறவங்க எல்லாரும் இந்த வாசல் வழியா வெளியே வர்றதில்லை" என்றது பூதம். பின்கட்டில் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே படகு நிற்குமாம்.

துறை அதிகாரியிடம் முறையிட்டோம். கைநாட்டு விழவில்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று முடித்துவிட்டார். அவரும் அங்கேதான் குடிக்கிறார். அவர் குவளையில் மட்டும் கீல் கிடையாது என்று கேள்வி.

வேறு கடை திறக்காத நேரத்தில் போய்த்தான் தீர வேண்டும் என்றால், குவளைக்குக் குவளை காசைக் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் எழுந்துவிடுங்கள். கட்டைவிரலை எதிலும் வைக்காதீர்கள், வரவேற்புப் பதிவேடு என்று சொன்னாலும்கூட.

பையனுடைய பெட்டியை மட்டும் அவர்கள் திருப்பித் தரவில்லை. பலா மரம், மூடியில் இரட்டை மீன் செதுக்கியது, மூடியின் ஒரு பிணைச்சல் உடைந்திருக்கும். பழைய சாமான் சந்தையில் யாராவது விற்க வந்தால் வாங்காமல், கடை வாசலில் இருக்கிற அந்தக் காவல் பூதத்திடம் சொல்லிவிடுங்கள். அது எங்களுக்குத் தகவல் அனுப்பும்.