கதண்டுக் கூட்டை எடுக்க 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

4,500 ரூபாய். முந்தாநாள் மதியம் கொடுத்தேன். நேற்று ராத்திரி அப்பாவைக் கதண்டு, அதான் அந்தப் பெரிய விஷக் குளவி, மூன்று இடத்தில் கொட்டி, பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஐந்து விஷயம் சொல்ல வேண்டும், நீங்களாவது தப்பியுங்கள்.

மாடி ரூமில் பழைய ஜன்னல் ஏசியைக் கழற்றிய பொந்து. உள்ளே பிளைவுட், வெளியே தகரம், ஓரத்தில் இரண்டு விரல் நுழைகிற சந்து. அதில்தான் கட்டியிருந்தது. கருப்பு உடம்பு, வயிற்றில் ஒற்றை மஞ்சள் பட்டை. மண்கூடு கட்டுகிற குளவி என்றால் நானே தட்டிவிட்டிருப்பேன். பிளைவுட்டில் காதை வைத்தால் கரகரவென்று சத்தம்.

போனில் புக் பண்ணினால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆப் ஒன்று. பேர் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸுக்கெல்லாம் தெம்பு இல்லை. வந்த பையன் கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றினான். அம்மா மோர் கொடுத்தாள். "எங்க சித்தப்பாவும் கதண்டு கொட்டிப் படாத பாடு பட்டாரும்மா. கவலைப்படாதீங்க, 90 நாள் கேரண்டி" என்றான். அந்தச் சித்தப்பாவில்தான் விழுந்தோம். "ஆப்ல கட்டினா வரி சேரும்க்கா, எனக்கே ஜிபே பண்ணிடுங்க" என்றபோதுகூட உறைக்கவில்லை. 4,500!

வேலை 20 நிமிஷம். உச்சி வெயில், பாதிப் பூச்சி இரை தேடி வெளியே போயிருக்கும். சந்தில் எதையோ பீய்ச்சி, வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனான். உள்ளே சாகாமல் கிடந்தது வழி தேடாதா? ஏசி ஒயர் வந்த பைப் வழியாக, ஒரு சுவிட்ச் கழன்று ஓட்டையாக இருந்த போர்டுக்கு வந்துவிட்டது. அப்பா டியூப்லைட்டைப் போட்டார், வெளிச்சத்துக்குப் பாய்ந்தது. தேனீ போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாது இது, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும்.

பையனுக்கு அடித்தால் முதலில் "வண்டி ஓட்டிட்டு இருக்கேன்க்கா". இப்போது சுவிட்ச் ஆஃப். ஆப்காரர்கள், "உங்க புக்கிங் கேன்சல்னு காட்டுதே மேடம்." அவனே கேன்சல் பண்ணிவிட்டுத்தான் ஏணியில் ஏறியிருக்கிறான்! "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், பார்ட்னர்." அடுத்து எடுத்த பெண் 48 மணி நேரம் என்றாள். அதற்கடுத்தவர் கொட்டின பூச்சியின் போட்டோ கேட்டார். அப்பா செருப்பால் அடித்ததைக் குப்பையிலிருந்து பொறுக்கி, படம் எடுத்து அனுப்பினேன். "தெளிவா இல்ல மேடம்."

ராத்திரியே பக்கத்து வீட்டு மாமா சொல்லி 101-க்கு அடித்திருந்தேன். தீயணைப்புக்காரர்கள் 11 மணிக்கு வந்து, சிமெண்டைப் பெயர்த்து, காகிதம் மாதிரித் தட்டுத் தட்டாக இருந்த கூட்டை எடுத்துப் போனார்கள். "பகல்ல யாராச்சும் கதண்டுக் கூட்டுல கை வைப்பாங்களாம்மா?" என்றார் ஒருவர். ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான் அழுதது 4,500.

சொல்ல வந்தது: ஆப்புக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். உயிரோடிருக்கிற கூட்டின் வாயை அடைக்காதீர்கள், வீட்டுக்குள் வரும். கொட்டி மூச்சு வாங்கினாலோ உதடு, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மீதி இரண்டு மறந்துவிட்டது, அப்பாவுக்கு மாத்திரை நேரம். போர்டு ஓட்டையில் டேப் ஒட்டியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவானாம். அவனும் அட்வான்ஸ் கேட்கிறான்.