மாறுகண் அறுவைக்குப் பின் வலி: பாராசிட்டமாலா, ஐபுப்ரோஃபெனா?

மாறுகண் அறுவை முடிந்து வீடு திரும்பிய குழந்தைக்கு ஓரிரு நாள்கள் கண்வலியும் உறுத்தலும் இருப்பது இயல்பே. பாராசிட்டமாலை வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம் என்பதால், இவ்வறுவைக்குப் பின் அடிக்கடி வரும் குமட்டலின்போது அதையே முதலில் நாடுவது நல்லது; உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான அளவு. ஆனால் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு செறிவில் சிரப்புகள் விற்கப்படுவதால், புட்டியைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றுவது ஆபத்து; அளவு மிகுந்தால் கல்லீரல் கெடும். ஐபுப்ரோஃபென் அழற்சியையும் தணிக்கும். எனினும் வாந்தியால் நீர்ச்சத்து குறைந்த குழந்தைக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கும் அது ஏற்றதன்று, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தரலாகாது. ஆஸ்பிரினோ, இவற்றுக்கு மாற்றே அன்று. மருந்துக்குப் பிறகும் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.