குண்டுமல்லி: ஒட்ட வெட்டவா, நுனி கிள்ளவா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு மல்லித் தொட்டிகள். ஒரே தாய்ச்செடியின் குச்சிகள், வயதும் ஒன்றே. ஒன்றுக்கு மதுரை அத்தையின் வைத்தியம்: "கை நடுங்காம மொட்டையடிச்சு விடு." மற்றதற்கு நர்சரிக்காரர் சொன்னது: பூத்து முடிந்த நுனியை இரண்டு கணு கீழே கிள்ளினால் போதும்.

குண்டுமல்லி புதுத் தளிரில்தான் மொக்கு வைக்கும். ஆகவே இரண்டு வழிக்கும் நோக்கம் ஒன்றே, புதுத் தளிரை வரவழைப்பது. அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கிள்ளிய செடி முதல் வருடம் ஜெயித்தது. ஒட்ட வெட்டியது வெறும் குச்சியாக நிற்க, இது விட்டு விட்டுப் பூத்தது. இரண்டாம் வருடம் கதை மாறியது. அடியில் இலையே இல்லை, கிளைகள் நூலாக நீண்டு சாய்ந்தன, உச்சியில் மட்டும் சின்னச் சின்னப் பூ. ஒரு முழம் கட்ட மூன்று நாள் சேர்க்க வேண்டியிருந்தது. ஒட்ட வெட்டியதோ அடியிலிருந்தே தடித்த தளிர்களாகக் கிளம்பிப் புதராகிவிட்டது.

வயலில் நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவது தமிழ்நாட்டுக் கணக்கு. தொட்டிக்கு அது அதிகம், ஒன்றரைச் சாண் போதும். மாதம்தான் எனக்கு இடித்தது. சுமார் 900 மீட்டர் உயரத்து ஊர் இது. நவம்பர் கடைசியில் வெட்டிய செடி மார்கழிக் குளிரில் துளிர்க்காமல் முறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வருடம் தை பாதியில் வெட்டினேன், துளிர் விறுவிறுவென வந்தது. எப்படியும் அந்த மாதங்களில் செடி பூப்பதில்லை, கே.ஆர். மார்க்கெட்டிலேயே மல்லி விலை எகிறிக் கிடக்கும். வெட்டியதால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி மூன்றாவது வழிக்காரர். தன் 'துண்டு மல்லிகே'க்கு (குண்டுமல்லிக்குக் கன்னடப் பெயர்) சில நாள் தண்ணீரை நிறுத்தி, இலையை உருவிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விடுவார். மண்ணில் வேரோடிய செடி அவருடையது, தாங்கும். தொட்டிச் செடியைக் காயப்போட எனக்குத் தைரியமில்லை.

இப்போது இரண்டு தொட்டிக்கும் ஒரே முறைதான்: தையில் ஒட்ட வெட்டி, மண்புழு உரம் போட்டு, பங்குனியிலிருந்து ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனி கிள்ளல். ஐந்தாறு மணி நேர வெயில் விழாத பால்கனி என்றால் கத்தரியை எடுக்கவே வேண்டாம், முதலில் தொட்டியை நகர்த்துங்கள்.

வெட்டியதில் பென்சில் கனக் குச்சிகள் ஆறை மணலில் ஊன்றியிருந்தேன். நான்கு துளிர்த்திருக்கின்றன, இரண்டை ஆன்ட்டி கேட்டிருக்கிறார்.