அடக்கமா, தகனமா: கல்லறையை யார் பார்த்துக்கொள்வது?

அப்பா காலமானபோது எங்கள் வீட்டில் யாரிடமும் தெளிவான முடிவு இல்லை. அவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அக்கா அடக்கம் செய்யலாம் என்றாள், நானும் தம்பியும் தகனம் என்றோம். கடைசியில் தகனம்தான் செய்தோம். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். அதனால் நான் எழுதுவது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மதம் ஒரே வழியைத்தான் காட்டுகிறது என்றால் ஒப்பிடவே வேண்டியதில்லை. இஸ்லாத்தில் அடக்கம் மட்டும்தான், பழைய மரபை அப்படியே பின்பற்றும் (ஆர்த்தடாக்ஸ்) யூதர்களுக்கும் அதே. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. ஆனால் சாம்பலைத் தூவாமல் புனிதமான ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் தெளிவுபடுத்தியது. செலவைப் பார்த்தால், நிலம் தேவைப்படுவதால் பெரும்பாலும் அடக்கத்துக்குத்தான் கூடுதல். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது: பராமரிப்பு. சாவு வீட்டில் கூட்டமும் அழுகையுமாக இருக்கும்போது, இருபது வருஷம் கழித்து இந்த இடத்தை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்க யாருக்கு மனசு வரும்? ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

புதைத்த மண் உடனே இறுகிவிடாது. அது படிய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கல் நடுவதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். பிற்பாடு மரப்பெட்டி மக்கி உள்வாங்கும்போது மேல்மண் மறுபடியும் இறங்கும், கல் சாயும். பளிங்கில் வெட்டிய எழுத்து மழையில் கரைந்து மழுங்கும். கருங்கல் நெடுநாள் தாங்கும், ஆனால் அதிலும் பாசி படரும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ பிளீச்சிங் போட்டுக் கழுவினாலோ கல்லே கெட்டுவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துப் பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் தாத்தாவின் கல்லறையைப் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலி வந்து நடமாட்டம் குறைந்த பிறகு யாரும் போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாத்தா பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாசி மூடியிருந்தது. வீட்டில் யாருக்கும் அவர்மேல் பாசம் குறையவில்லை. ஆளாளுக்கு ஒரு ஊரில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று, வாங்கிய இடம் என்றென்றைக்கும் நமக்கே என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கத்துக்கு 15 ஆண்டு வரம்பு இருக்கிறது. அதற்குப் பிறகு எச்சங்களைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். ஜெர்மனியிலும் கல்லறை இடம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான், தவணை முடிந்ததும் அது வேறொருவருக்குப் போகலாம். எந்த ஊராக இருந்தாலும் இடம் எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிக்க யார் பணம் கட்டுவது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தகனத்தில் இந்தப் பாரம் பிள்ளைகள்மேல் விழுவதில்லை. உலையில் வெப்பம் 800 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். நவீன உலைகளில் கடைசியில் மிஞ்சும் எலும்புத் துண்டுகளை ஆறவைத்து அரைத்துத் தருவார்கள். பெரியவர்களுக்கு அது இரண்டு, மூன்று கிலோ வரும். அப்பாவின் சாம்பலைக் கையில் வாங்கியபோது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நிறம் வெளுத்த சாம்பல், தொட்டால் பருமணல் மாதிரி நெருநெருப்பு. அப்புறம் அவசரமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் வந்து சேரும்வரை வைத்திருக்கலாம், பங்கிட்டும் கொள்ளலாம். செடிக்கு அடியில் போட விரும்பினால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், வேர் கருகிவிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இறந்தவருக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் சின்னக் கருவி) இருந்தால் உலைக்குப் போகும் முன் எடுத்தே ஆக வேண்டும், சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கும்போதே சொல்லி எடுக்கச் செய்வது நல்லது.

தகனத்திலும் குறை உண்டு. சாவில் பின்னால் ஏதாவது சந்தேகம் கிளம்பினால் உடலைத் திரும்பப் பரிசோதிக்க வழியே இல்லை. அப்படி ஒரு சந்தேகம் துளி இருந்தாலும் எரிக்காதீர்கள். அக்காவின் வருத்தம் வேறு. "போய் நிற்க ஓர் இடம் இல்லையே" என்று இப்போதும் சொல்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளைப் போன்றவர்களுக்காக ஒரு பங்கு சாம்பலை மட்டும் ஓரிடத்தில் புதைத்து மேலே சின்னக் கல் வைக்கலாம். ஆனால் அந்தக் கல்லுக்கும் ஒரு ஆள் வேண்டும்.

உடல் தானம் மூன்றாவது வழி. எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை, அதனால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். பதிவு செய்திருந்தாலும், பிரேதப் பரிசோதனை ஆகியிருந்தாலோ சில தொற்றுநோய்கள் இருந்தாலோ மருத்துவக் கல்லூரி வாங்க மறுக்கலாம். எனவே மாற்று ஏற்பாடு ஒன்று கைவசம் இருக்கட்டும். கண் தானம் தனி, அடக்கமானாலும் தகனமானாலும் செய்யலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உடனே தகவல் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அடக்கம்தான் மனசுக்கு ஒத்துவருகிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பளிங்குக்குப் பதில் கருங்கல் வையுங்கள். பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். அடுத்த தலைமுறையில் இரண்டு பேரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சரி என்றால் அந்தப் பெயர்களை இடத்துக்கான ரசீதோடு சேர்த்து எழுதி வையுங்கள்.